தெஜிமா: வாடகைக்கு விடப்பட்ட ஒரு தீவு

ஜப்பானிய வரலாறு குறித்து நம் பல்கலைக்கழக வகுப்பறைகளில் பேச்சு எழும்போதெல்லாம் தெஜிமா ஒரே உவமையோடு உள்ளே வந்து அதே உவமையோடு வெளியேறிவிடுகிறது: "மூடிய நாட்டின் ஒற்றைச் சாளரம்". அண்மையில் ஒரு கருத்தரங்கிலும் இதையே கேட்க நேர்ந்தது. அங்கே கேள்வி நேரம் போதாமையால் சொல்லாமல் விட்டதை இங்கே விரித்து எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்தருள்க.

சாளரம் என்று அதை அழைத்தவர்கள் அங்கே குடியிருந்தவர்கள் அல்லர். நாகசாக்கி நகர நிர்வாகத்தின் கணக்கில் தெஜிமா ஒரு "மாச்சி", அதாவது நகரின் ஏனைய பேட்டைகளைப் போன்ற ஒரு பேட்டை. மற்றப் பேட்டைகளுக்கு இருந்ததைப் போலவே "ஒத்தோனா" என்ற தலைவர் அதற்கும் இருந்தார். வாடகை இருந்தது, வீட்டு உரிமையாளர்கள் இருந்தனர், சமையற்காரர், காவலர், தோட்டம், மாட்டுக்கொட்டில் எல்லாம் இருந்தன. வேறுபாடு இரண்டு. நிலம் முழுவதும் மனிதர் கடலில் மண் கொட்டி உண்டாக்கியது. குடியிருந்தவர்கள் குடும்பத்தோடு வாழ அனுமதிக்கப்படவில்லை. இந்த இரண்டாவது வேறுபாட்டை வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுவதே என் குறை.

முதலில் நிலம். 1634ஆம் ஆண்டு டோக்குகாவா ஷோகன் ஆட்சியின் ஆணைப்படி பணி தொடங்கி 1636இல் முடிந்தது. செலவை அரசு ஏற்கவில்லை. நாகசாக்கியின் செல்வர்கள் 25 பேர் முதலீடு செய்தனர். நகரக் கரையை ஒட்டி விசிறி வடிவில் எழுந்த இத்தீவின் கடல் பக்க வளைவு 233 மீட்டர், நகரத்தை நோக்கிய உள்வளைவு 190 மீட்டர், பக்கங்கள் ஒவ்வொன்றும் 70 மீட்டர். மொத்தப் பரப்பு நான்கு ஏக்கருக்கும் குறைவு. கரையோடு இணைத்தது ஒரே ஒரு சிறு பாலம். "தெ" என்றால் வெளியே நீண்டது, "ஷிமா" என்றால் தீவு. கூட்டுச்சொல்லில் "ஷி" குரலொலிப்புப் பெற்று "ஜி" ஆகிறது. "கட்டிய தீவு" என்று பொருள்படும் "ட்சுகிஷிமா" என்ற பெயரும் தொடக்கத்தில் வழங்கியது. ஆறு தானாகப் பிரிந்து ஈன்ற நிலத்துக்குத் துருத்தி, அரங்கம், ஆற்றிடைக்குறை எனத் தமிழில் பல பெயர்கள் உண்டு. கையால் கட்டிய தீவுக்குத் தனிச்சொல் நமக்குத் தேவைப்பட்டதில்லை போலும்.

யாருக்காகக் கட்டினார்கள்? ஒல்லாந்தருக்காக அன்று. நாகசாக்கி நகருக்குள் உள்ளூர் வீடுகளில் கலந்து வாழ்ந்த போர்த்துக்கீசியரைத் தனியே அடைப்பதற்காக. கிறித்தவம் பரவுவதைத் தடுப்பது நோக்கம். தீவு தயாரான அதே 1636இல், போர்த்துக்கீசியரோடு மணஉறவு கொண்ட பெண்களும் அவர்களின் பிள்ளைகளுமாக 287 பேர் மக்காவுக்கு நாடுகடத்தப்பட்டனர். எனவே இக்குடியிருப்பின் தொடக்கமே குடும்பங்களைப் பிரித்ததில் இருக்கிறது. 1637-38இல் ஷிமபாரா கிளர்ச்சி. 1639இல் போர்த்துக்கீசியர் அடியோடு விலக்கம். வணிகத்தை மீட்டுத் தருமாறு மன்றாட 1640இல் மக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவில் 61 பேர் கொல்லப்பட்டனர். செய்தியை எடுத்துச்செல்ல 13 பேர் மட்டும் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இப்போது 25 முதலீட்டாளர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். வாடகைக்காரர் போய்விட்டார், தீவு காலி. மறுபுறம், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி ஹிராடோ தீவில் ஓரளவு உரிமையோடு தொழில் நடத்திவந்தது. அங்கே அவர்கள் கட்டிய கற்கிடங்கின் முகப்பில் 1639 என்று கிறித்து ஆண்டு பொறித்திருந்ததைக் காரணம் காட்டி, கட்டடத்தை இடிக்க ஆணை வந்தது. தலைமை வணிகர் பிரான்சுவா கரோன் மறுபேச்சின்றி இடித்தார். 1641இல் கம்பெனி தெஜிமாவுக்கு மாற்றப்பட்டது. போர்த்துக்கீசியருக்கு ஆண்டு வாடகை 80 கன்மே வெள்ளி. ஒல்லாந்தர் பேரம் பேசி அதை 55 கன்மேயாகக் குறைத்தனர். ஒரு கன் 3.75 கிலோ என்பதால், இது ஆண்டுக்கு ஏறத்தாழ 206 கிலோ வெள்ளி. சமயக் கொள்கை, அயலுறவுக் கொள்கை என்று நாம் விரிவாகப் பேசும் ஒரு முடிவு, வீட்டுக்காரர்களின் காலி வீட்டுச் சிக்கலையும் தீர்த்துவைத்தது.

தீவுக்குள் வாழ்க்கை எப்படி இருந்தது? ஒல்லாந்தர் எண்ணிக்கை பெரும்பாலும் பத்திலிருந்து பதினைந்து பேர். கோடையில் பட்டாவியாவிலிருந்து கப்பல் வரும். இலையுதிர் காலத்தில் திரும்பும். இடையில் உள்ள மாதங்களில் வெறும் காத்திருப்பு. 1715ஆம் ஆண்டுச் சட்டம் கப்பல்களை ஆண்டுக்கு இரண்டாகவும் 1790ஆம் ஆண்டு ஆணை ஒன்றாகவும் குறைத்தன. பாலத்தின் முகப்பில் நின்ற அறிவிப்புப் பலகை, பரத்தையர் தவிர வேறு பெண்கள் நுழையலாகாது என்றது, பிச்சைக்காரரையும் தடுத்தது. கிறித்தவ வழிபாட்டுக்கு இடமில்லை. ஆகவே கிறிஸ்துமஸ் "ஒல்லாந்தரின் மாரிக்காலக் கதிர்த்திருப்ப விழா" என்ற பெயரில் நடந்தது. ஜப்பானிய நாட்காட்டியிலும் அந்த நாளையொட்டிக் கதிர்த்திருப்ப விழா உண்டென்பதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. தலைமை வணிகர் ஆண்டுதோறும், 1790க்குப் பின் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஏடோ சென்று ஷோகனைப் பணிந்து வர வேண்டும். அதுவே அவர்கள் நாட்டின் உட்பகுதியைக் காணும் வாய்ப்பு.

அந்தப் பத்துப் பதினைந்து பேரோடு எண்ணப்படாத வேறு சிலரும் தீவில் வாழ்ந்தார்கள். பட்டாவியாவிலிருந்து கம்பெனிக்காரர்கள் தங்கள் பணிக்கெனக் கொண்டுவந்த அடிமைகள். நாகசாக்கி ஓவியங்களில் குடை பிடித்தும், இசைக்கருவி வாசித்தும், தட்டு ஏந்தியும் நிற்கும் கரிய உருவங்கள் அவர்களே. கம்பெனி 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் பஞ்சகாலங்களில் மனிதர்களை விலைக்கு வாங்கிப் பட்டாவியாவுக்கு ஏற்றுமதி செய்தது. பழவேற்காடும் நாகப்பட்டினமும் அவ்வணிகத்தின் துறைகள். பட்டாவியாவின் அடிமைகளிடையே பொதுமொழியாக விளங்கியது டச்சு அன்று. இந்தியக் கரைகளிலிருந்து சென்றோர் வழியாகப் பரவிய போர்த்துக்கீசியக் கலப்புமொழி. இங்கே மொழியியல் மாணவருக்கு ஒரு செய்தி உண்டு. தெஜிமாவில் முதல் சில பத்தாண்டுகள் ஒல்லாந்தரும் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளரும் பேசிக்கொண்டதும் போர்த்துக்கீசியத்திலேயே. போர்த்துக்கீசியரை நாட்டைவிட்டுத் துரத்த முடிந்தது. அவர்கள் மொழியைத் தீவிலிருந்து துரத்த நெடுங்காலம் ஆயிற்று.

ஜப்பானிய மொழியில் ஒல்லாந்து "ஒராண்டா" எனப்படுகிறது. போர்த்துக்கீசிய "ஒலாந்தா"விலிருந்து வந்த வடிவம் அது. நம் பழைய ஆவணங்களின் "உலாந்தா"வை அருகில் வைத்துப் பாருங்கள். நாம் சட்டையில் தைக்கும் பொத்தானும் ஜப்பானியர் சொல்லும் "போத்தன்" என்பதும் ஒரே போர்த்துக்கீசியச் சொல்லின் இரு பிள்ளைகள். யாழ்ப்பாணத்தில் வாங்கும் பாணும் தோக்கியோவில் வாங்கும் "பான்" என்பதும் அப்படியே.

டச்சுக் கடன்சொற்களின் கதை இன்னும் சுவையானது. இலங்கைத் தமிழில் நிலைத்தவை எவை? கந்தோர், நொத்தாரிசு, கூடவே கக்கூசு. ஜப்பானிய மொழியில் நிலைத்தவை பீரு, கோஹீ, கராசு, கோமு, மெசு. அதாவது பியர், காப்பி, கண்ணாடி, இரப்பர், அறுவைக்கத்தி. பள்ளிப் பிள்ளைகளின் முதுகுப்பைக்கு இன்றும் "ரந்தோசெரு" என்றே பெயர். ஒரே கம்பெனி, ஒரே காலம். இலங்கையில் அவர்கள் ஆண்டார்கள். ஆகவே அலுவலகமும் பத்திரமும் மொழியில் தங்கின. ஜப்பானில் அவர்கள் வாடகை கொடுத்துக் குடியிருந்தார்கள். ஆகவே பண்டமும் கருவியும் தங்கின. சொற்பட்டியலை மட்டும் வைத்து அதிகார உறவை ஊகித்தல் ஆபத்தானது என்பதை அறிவேன். ஆயினும் இந்த இடத்தில் இரண்டும் பொருந்தி நிற்பதை மறைக்கவும் மனமில்லை.

சோழமண்டலத்தோடு இன்னொரு நூலிழை, சொல்லளவில் அன்றி உண்மையாகவே நூலிழை. கம்பெனிக் கப்பல்கள் கொண்டுவந்த கோடிட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானில் "சந்தோமே-ஜிமா" என்று பெயர். சந்தோமே என்பது மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம். இத்துணி ஏடோ நகரத்து நாகரிக இளைஞரின் உடையாயிற்று. பின்னர் உள்ளூர் நெசவாளர் அதைப் போலச் செய்யத் தொடங்கினர். "தோசான்" என இன்று ஜப்பானிய மரபுத் துணியாகப் போற்றப்படுவதன் பெயரில் "சான்" என்ற அசை சாந்தோமின் எச்சமே. எதிர்த்திசையில், தெஜிமாவிலிருந்து புறப்பட்ட முதன்மைச் சரக்கு செம்பு. ஜப்பானியச் செம்புக்கட்டிகள் சோழமண்டலச் சந்தைகளில் விற்கப்பட்டுத் துணி வாங்கும் முதலாயின. நாகசாக்கியில் கடலைத் தூர்த்த நான்கு ஏக்கரும் நம் கரையின் தறிகளும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள்.

இனி, என் அக்கறைக்கு நடுவான மனிதர்கள்: மொழிபெயர்ப்பாளர்கள். ஜப்பானிய மொழியில் "ட்சூஜி". ஒல்லாந்தர் ஜப்பானிய மொழி கற்பதை அரசு விரும்பவில்லை. தலைமை வணிகரும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றப்பட்டார். ஆகவே பேச்சின் முழுச் சுமையும் நாகசாக்கியின் சில குடும்பங்களின் மேல் விழுந்தது. பரம்பரைத் தொழில், மூத்தவர், இளையவர், பயிலுநர் என்ற படிநிலை, காலப்போக்கில் நூற்றுக்கும் மேற்பட்டோர். இவர்களைக் குறித்து நிலைத்துவிட்ட சித்திரம் ஏடோவின் மருத்துவ அறிஞர் சுகிதா கெம்பாக்கு முதுமையில், 1815இல், எழுதி முடித்த நினைவுக்குறிப்பிலிருந்து வந்தது. முற்கால மொழிபெயர்ப்பாளர் டச்சு எழுத்தைப் படிக்க அனுமதியற்றவர்கள், காதால் கேட்டதை மட்டும் ஒப்பிப்பவர்கள் என்று அது சொல்கிறது. 1774இல் வெளியான "கைதாய் ஷின்ஷோ" என்ற உடற்கூற்று மொழிபெயர்ப்பே அனைத்துக்கும் தொடக்கம் என்ற கதை அதில்தான் உருக்கொள்கிறது. ஆனால் மொத்தோகி ரியோய் என்ற நாகசாக்கி மொழிபெயர்ப்பாளர், 1697இல் இறப்பதற்கு முன்பே ஓர் உடற்கூற்று நூலை மொழிபெயர்த்திருந்தார். அது அச்சேறியதும் "கைதாய் ஷின்ஷோ"வுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு. சுகிதாவின் நூலுக்கே முன்னுரை எழுதியவர் யோஷியோ கோசாக்கு என்ற நாகசாக்கி மொழிபெயர்ப்பாளர். எழுத்தறியாதவரிடம் முன்னுரை வாங்குவார்களா? தலைநகரத்தார் எழுதும் வரலாறு துறைமுகத்தாரின் உழைப்பைச் சுருக்குவது ஜப்பானுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று.

1690 முதல் 1692 வரை தெஜிமாவில் மருத்துவராக இருந்த எங்கல்பெர்ட் கெம்ஃபர், ஜப்பானைப் பற்றிய தம் பெருநூலுக்கான செய்திகளைப் பெற்றது ஓர் இளைஞர் வழியாக. அவருக்கு டச்சு மொழியைக் கற்பித்து, விலக்கப்பட்ட நூல்களையும் வரைபடங்களையும் வரவழைத்துக்கொண்டார். நூலில் அந்த இளைஞரின் பெயரைக் கெம்ஃபர் எழுதவில்லை. எழுதியிருந்தால் தலை போயிருக்கும். அவர் இமாமுரா கென்எமோன் என்பது இருபதாம் நூற்றாண்டு ஆய்வில்தான் உறுதியாயிற்று. தகவலாளியின் பெயரை மறைப்பது அவரைக் காப்பதா, அவருடைய பங்கை அழிப்பதா என்ற கேள்வியைக் களப்பணி செய்யும் நாம் ஒவ்வொருவரும் இன்றும் எதிர்கொள்கிறோம். கெம்ஃபருக்கு அதில் தெரிவு இல்லை.

அதே கெம்ஃபரின் நூலில் பின்னிணைப்பாக வந்த ஒரு கட்டுரை, ஜப்பான் தன்னை அடைத்துக்கொண்டது நன்றா என்று ஆராய்கிறது. 1801இல் அதன் டச்சு வடிவத்தை ஜப்பானிய மொழியில் பெயர்த்தவர் ஷிசுகி தாதாவோ. மொழிபெயர்ப்பாளர் குடும்பத்தில் வளர்ந்து, இளமையிலேயே பதவி விலகி அறைக்குள் அடைந்து படித்தவர். நீண்ட தலைப்பைச் சுருக்கிச் "சகோக்கு-ரோன்" என்று பெயரிட்டார். "சகோக்கு", பூட்டிய நாடு. நம் பாடநூல்கள் 1630களின் ஜப்பானுக்குச் சூட்டும் பெயர், தெஜிமா கட்டி 165 ஆண்டுகள் கழித்து, ஐரோப்பியர் ஒருவரின் கட்டுரையை மொழிபெயர்க்கும்போது பிறந்த சொல். தீவைக் கட்டியவர்களிடம் அச்சொல் இல்லை. ட்சுஷிமா வழியாகக் கொரியா, சட்சுமா வழியாக ரியுக்கியு, மட்சுமாயே வழியாக ஐனு நிலம் என்று வேறு வாயில்களும் திறந்தேயிருந்தன. நாகசாக்கியிலேயே 1689இல் அமைந்த சீனர் குடியிருப்பு தெஜிமாவைவிட இருமடங்குக்கும் பெரியது. ஒற்றைச் சாளரம் என்ற உவமையில் சீனருக்கு இடமே இல்லை.

ஷிசுகியைப் பற்றி இன்னும் ஒன்று. ஈர்ப்புவிசைக்கு "ஜூரியோக்கு", மையவிலக்கு விசைக்கு "என்ஷின்ரியோக்கு" எனக் கலைச்சொற்களை ஆக்கியவர் அவரே. இயற்பியல் வகுப்பில் ஜப்பானியப் பிள்ளைகள் இன்றும் அவற்றையே சொல்கிறார்கள். கலைச்சொல்லாக்கம் பற்றி நாம் நடத்தும் முடிவற்ற விவாதங்களில் இவர் பெயரை நான் கேட்டதில்லை.

குடும்பம் பற்றிய குறைக்குத் திரும்புகிறேன். 1803 முதல் 1817 வரை தலைமை வணிகராக இருந்தவர் ஹெண்ட்ரிக் டூஃப். அவர் காலத்தில் ஐரோப்பியப் போர்களால் கப்பல்கள் வருவது நின்றது. 1808இல் ஆங்கிலப் போர்க்கப்பல் ஃபேட்டன் ஒல்லாந்தக் கொடியோடு துறைமுகத்தில் நுழைந்து, வரவேற்கச் சென்ற இருவரைப் பிடித்துவைத்தது. தடுக்க இயலாத நாகசாக்கி ஆளுநர் வயிறு கிழித்து உயிர் விட்டார். 1811இல் ஜாவா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1813இலும் 1814இலும் தெஜிமாவைக் கைப்பற்ற ராஃபிள்ஸ் கப்பல்கள் அனுப்பினார், டூஃப் மறுத்தார். அந்த ஆண்டுகளில் அவர் மொழிபெயர்ப்பாளர்களோடு அமர்ந்து, ஹால்மாவின் டச்சு-பிரெஞ்சு அகராதியை அடிப்படையாக வைத்து டச்சு-ஜப்பானிய அகராதி ஒன்றைத் தொடங்கினார். அவர் போன பின்னும் மொழிபெயர்ப்பாளர்கள் தொடர்ந்து உழைத்து 1833இல் முடித்தனர். ஒசாகாவில் ஒகாட்டா கோவானின் பள்ளியில் அதன் கையெழுத்துப்படி ஒன்றுக்காகத் தனி அறை ஒதுக்கப்பட்டிருந்தது. மாணவர்கள் முறைவைத்துப் புரட்டினர். ஃபுக்குசாவா யுக்கிச்சி அவர்களுள் ஒருவர்.

டூஃபுக்கு மருயாமாப் பரத்தையர் பேட்டைப் பெண் ஒருவரிடம் ஜோக்கிச்சி என்ற மகன் பிறந்தான். அத்தகைய பிள்ளைகள் நாட்டைவிட்டு வெளியேறலாகாது என்பது சட்டம். பதினான்கு ஆண்டுகள் கொடியைக் காத்ததற்காகத் தாய்நாட்டில் விருது பெற்றவர், மகனை உடன் அழைத்துச்செல்ல முடியவில்லை. சர்க்கரை விற்ற பணத்தை நகர நிர்வாகத்திடம் ஒப்படைத்து, அதன் வருவாயில் மகனைப் பேணவும் அவனுக்குச் சிறு பதவி தரவும் ஏற்பாடு செய்துவிட்டுக் கப்பலேறினார். "டூஃப்" என்ற ஒலிக்கு நெருங்கிய எழுத்துகளால் அமைந்த குடும்பப்பெயரோடு அந்த இளைஞன் மருந்துச்சரக்கு மதிப்பீட்டாளனாகப் பணியாற்றி, 1824இல் பதினேழு வயதில் இறந்தான்.

டூஃபின் இடத்துக்கு வந்த யான் கோக் பிளோம்ஹோஃப், 1817இல் மனைவி டிட்சியாவையும் கைக்குழந்தையையும் உடன் அழைத்துவந்தார். ஐரோப்பியப் பெண்ணைக் கண்டிராத நாகசாக்கி ஓவியர்கள் அவரை வரைந்து தள்ளினர். சில மாதங்களில், அதே ஆண்டின் இறுதிக் கப்பலில், தாயும் சேயும் திருப்பி அனுப்பப்பட்டனர். டிட்சியா 1821இல் இறந்தார். கணவரை மீண்டும் காணவில்லை. அவர் உருவம் இன்றும் நாகசாக்கியின் நினைவுப் பொருட்களில் அச்சிட்டு விற்கப்படுகிறது.

ஃபிலிப் ஃபிரான்ஸ் ஃபொன் சீபோல்டின் கதை பலரும் அறிந்தது, விரிவாகச் சொல்லவில்லை. 1828இல் அவரிடம் நாட்டு வரைபடப் படிகள் இருப்பது தெரியவந்தது. அவருக்குக் கிடைத்த தண்டனை நாடுகடத்தல். வரைபடம் தந்த அரசவை வானியலாளர் தகஹாஷி ககெயாசு 1829இல் சிறையில் இறந்தார். தீர்ப்பு வரும்வரை உடல் உப்பிலிட்டுக் காக்கப்பட்டது. மூன்று மொழிபெயர்ப்பாளர்கள் தொலைவூர்களில் ஆயுள் காவலில் வைக்கப்பட்டனர். அறிவுப் பரிமாற்றம் என்று நாம் எளிதாகச் சொல்லும்போது கட்டணம் கட்டியவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீபோல்டு விட்டுச்சென்ற மகள், அப்போது இரண்டு வயதுக் குழந்தையான குசுமோட்டோ இனெ, பின்னாளில் மேலை மருத்துவம் பயின்ற முதல் ஜப்பானியப் பெண்களுள் ஒருவரானார்.

1850களில் உடன்படிக்கைகள் வந்தன. ஒல்லாந்தர் தீவுக்கு வெளியே நடமாட உரிமை பெற்றனர். 1859இல் வணிக நிலையம் மூடப்பட்டது. ஆற்றைத் திருப்பும் பணியில் நகரத்தை நோக்கிய ஓரம் வெட்டி எடுக்கப்பட்டது. எஞ்சிய பக்கங்களின் கடலும் தூர்க்கப்பட்டு, 1904இல் துறைமுகப் பணி முடிந்தபோது தெஜிமா தீவாக இல்லை. சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் நடுவே ஒரு நிலத்துண்டு. 1922இல் அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். இன்று கிடங்குகளும் தலைமை வணிகர் இல்லமும் மீண்டும் கட்டப்பட்டுள்ளன. நாற்புறமும் நீர் சூழ மீண்டும் தீவாக்குவது நகரத்தின் நீண்டகாலத் திட்டம். 2017இல் முன்வாயிலுக்கு எதிரே புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய கற்கரையின் மேல் பளு இறங்கலாகாது என்பதால், நகரப் பக்கத்தில் எதிர்ப்பளு வைத்து, அந்தப் பக்கமே பெரும்பளுவைத் தாங்குமாறு அதை வடிவமைத்திருக்கிறார்கள். நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் குடும்பத்தோடு போகலாம்.